தாதியர் கல்வியும் பல்கலைக்கழகத்தின் வாயிலும்

நோயுற்றோரைப் பேணுதல் மனித சமுதாயத்தின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. ஆயினும், அத்தொழிலுக்குரிய அறிவு பல்கலைக்கழகத்திற் கற்கத்தக்க ஒரு துறையென ஏற்கப்பட்டு ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேலாகவே ஆகின்றது. ஐரோப்பாவின் மத்தியகாலப் பல்கலைக்கழகங்களில் மருத்துவமும் சட்டமும் இறையியலும் தனிப்பீடங்களாக விளங்கின. மருத்துவர் பார்த்துச் சென்ற பின்னர் இரவும் பகலும் நோயாளியின் அருகே இருந்தவரின் அறிவுக்கு அங்கு இடமிருக்கவில்லை. இத்தாமதம் தற்செயலானதன்று. கையாற் செய்யப்படுவதும், உடலின் கழிவுகளோடு தொடர்புற்றதும், பெரும்பாலும் பெண்களால் ஆற்றப்படுவதுமான ஒரு தொழிலை அறிவுத்துறையெனக் கொள்ள உயர்கல்வி உலகம் நெடுங்காலம் தயங்கிற்று.

தாதியரின் பட்டக்கல்வி பற்றிப் பேசும்போது 'நுழைவு' என்னுஞ் சொல் இரு பொருளில் வழங்குகின்றது. தாதியம் என்ற துறை பல்கலைக்கழகத்தினுள் நுழைந்தமை ஒன்று. அத்துறையிற் பட்டம் பெற விரும்பும் மாணவர் பல்கலைக்கழகத்தினுள் நுழைவது மற்றொன்று. முதலாவதனை வரலாற்று ஆசிரியரும் இரண்டாவதனைக் கல்வி நிருவாகிகளும் தனித்தனியே ஆராய்வது வழக்கம். இவ்விரண்டும் ஒரே வினாவின் இரு பக்கங்கள் என்பது எமது கருத்து. தாதி மாணவர் வைத்தியசாலைக்கு மலிவாகக் கிடைக்கும் உழைப்பாளரா, அன்றிக் கற்கும் உரிமையுடைய மாணவரா என்பதே அவ்வினா. அவ்வினாவுக்குப் பிறநாடுகளில் அளிக்கப்பட்ட விடைகளை முதலில் நோக்கி, பின்னர் எமது நாட்டின் நிலையை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வைத்தியசாலைப் பள்ளி

நவீன தாதியர் கல்வியின் தொடக்கமாக 1860ஆம் ஆண்டு கொள்ளப்படுகின்றது. கிரைமியப் போரின்போது புளோரன்ஸ் நைற்றிங்கேல் ஆற்றிய பணியைப் பாராட்டிப் பிரித்தானிய மக்கள் திரட்டியளித்த ஏறத்தாழ 44,000 பவுண் நிதியைக் கொண்டு, அவ்வாண்டில் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் ஒரு பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. முதலிற் சேர்ந்தோர் பதினைவர். ஒழுக்கமும் கல்வியறிவும் அற்றோரின் தொழில் எனத் தாழ்வாக எண்ணப்பட்ட தாதியத்தை, நடுத்தர வகுப்புப் பெண்கள் துணிந்து மேற்கொள்ளத்தக்க கண்ணியமான தொழிலாக மாற்றிய பெருமை இப்பள்ளிக்கு உண்டு.

ஆனால், இம்மரபு பிறநாடுகளிற் பரவியபோது அதன் ஓர் இயல்பு மிகையாக வளர்ந்தது. நைற்றிங்கேல் பள்ளிக்கு வைத்தியசாலையின் பணப்பெட்டியிற் சாராத தனிநிதி இருந்தது. அதனைப் பின்பற்றிய பெரும்பாலான பள்ளிகளுக்கு அத்தகைய நிதி கிடைக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1873ஆம் ஆண்டில் நியூயோர்க், நியூஹேவன், பொஸ்ரன் ஆகிய நகரங்களில் மூன்று பள்ளிகள் தோன்றின. 1900ஆம் ஆண்டளவில் அவற்றின் தொகை நானூறைக் கடந்தது. இவ்வளர்ச்சிக்குக் கல்வி ஆர்வம் மாத்திரம் காரணமன்று. உணவும் உறையுளும் சிறு கைச்செலவும் கொடுத்தால் நோயாளர் விடுதிகளை மாணவியரைக் கொண்டே நடத்திவிடலாம் என்பதை வைத்தியசாலை நிருவாகங்கள் கண்டுகொண்டன. பயிற்சி முடித்த தாதிக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். பயிலும் தாதிக்கு அது வேண்டியதில்லை. ஆகவே, பயிற்சி முடித்தோர் செல்வர் வீடுகளில் தனிப்பணி தேடிச்செல்ல, அவர் விட்டுச்சென்ற இடத்தைப் புதிய மாணவியர் நிரப்பினர். விரிவுரைகள் பகல் முழுவதும் வேலைசெய்து களைத்த பின்னர் மாலையில் நடைபெற்றன. விடுதியில் ஆள் போதாதபோது முதலிற் கைவிடப்பட்டதும் விரிவுரையே.

தொழிற்பழகுநர் முறை கல்விக்கு ஒவ்வாதது என நாம் கூறவில்லை. நோயாளியின் கட்டிலருகே கற்கவேண்டியவை பலவுள. ஆயின், கற்றலின் வேகத்தையும் அளவையும் மாணவரின் தேவை தீர்மானிக்காது, விடுதியின் ஆட்பற்றாக்குறை தீர்மானிக்குமாயின் அங்கு நடைபெறுவது கல்வியன்று.

2. பல்கலைக்கழகத்தினுள் தாதியம்

இந்நிலையை மாற்ற முயன்றோர் முதலில் ஆசிரியர்களை உருவாக்கத் தலைப்பட்டனர். 1899ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் ஆசிரியர் கல்லூரியில் அனுபவமுள்ள தாதியருக்கான கற்கைநெறி ஒன்று தொடங்கப்பட்டது. 1907இல் மேரி அடிலெய்ட் நட்டிங் அங்கே பேராசிரியராக நியமிக்கப்பட்டார். உலகிற் பேராசிரியர் பதவி பெற்ற முதலாவது தாதி அவரே. 1909இல் மினசோற்றாப் பல்கலைக்கழகம் தனது அமைப்பினுள்ளேயே ஒரு தாதியர் பள்ளியைத் தொடங்கியது. எனினும், அங்கும் மாணவியர் வைத்தியசாலையில் நெடுநேரம் உழைத்தனர். பட்டம் அன்றி டிப்புளோமாவே பெற்றனர். பல்கலைக்கழகத்தின் பெயர் கிடைத்ததேயன்றி வைத்தியசாலையின் பிடி தளரவில்லை.

இவ்வரலாற்றில் 1923ஆம் ஆண்டு ஒரு திருப்பமாகும். றொக்பெல்லர் மன்றத்தின் ஆதரவில் நடைபெற்ற ஆய்வின் அறிக்கை அவ்வாண்டில் வெளிவந்தது. அதனைத் தயாரித்த ஜோசபின் கோல்ட்மார்க் ஒரு தாதியல்லர் என்பது கவனிக்கற்பாலது. தொழிற்சாலைகளிற் பெண்களின் வேலைநேரத்தையும் களைப்பையும் ஆராய்ந்தவர் அவர். வேலைநேரத்தைச் சட்டத்தால் வரையறுக்கலாம் என 1908இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் ஏற்ற வழக்கிற்கான சான்றுகளைத் திரட்டியவர்களுள் ஒருவர். ஆலைத் தொழிலாளியின் நிலையை நோக்கிய கண்ணுடன் அவர் தாதியர் பள்ளியை நோக்கினார். வைத்தியசாலையின் தேவையும் மாணவியின் கல்வியும் ஒரே நிருவாகத்தின் கீழ் மோதும்போது கல்வியே தோற்கின்றது என்பதே அவ்வறிக்கையின் சாரம். அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில், தனக்கெனப் பீடாதிபதியும் ஆசிரியர் குழுவும் வரவுசெலவும் கொண்ட தாதியர் பள்ளி, அனி குட்றிச்சின் தலைமையில் நிறுவப்பட்டது. பள்ளியின் பணப்பெட்டி வைத்தியசாலையின் பணப்பெட்டியினின்று பிரிக்கப்பட்டமையே இங்கு நிகழ்ந்த உண்மையான மாற்றம் எனலாம்.

பிரித்தானியா இப்பாதையிற் காலந்தாழ்த்தியே நடந்தது. 1956இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் தாதியக் கற்கைகளுக்கான அலகு அமைக்கப்பட்டு, 1960இல் பட்டநெறி தொடங்கப்பட்டது. ஆயினும், மிகப் பெரும்பாலான தாதியர் வைத்தியசாலைப் பள்ளிகளிலேயே தொடர்ந்து பயின்றனர். 1986இல் வெளிவந்த 'திட்டம் 2000' என்னும் சீர்திருத்தம் தாதியர் கல்வியை உயர்கல்வி நிறுவனங்களுக்கு மாற்ற வழிகோலியது. விடுதியிற் பயிலும் மாணவர் அவ்விடுதியின் ஆளணிக் கணக்கிற் சேராத மேலதிகமானவர் என்ற கோட்பாடு அதன் உயிர்நாடி. அதாவது, மாணவர் ஒருநாள் வராதுவிடினும் விடுதி இயங்கவேண்டும். வந்தால் அவர் கற்கவேண்டும். 2013ஆம் ஆண்டு தொடக்கம் இங்கிலாந்திற் புதிதாகத் தாதியராக விரும்புவோர் அனைவரும் பட்டநெறியினூடாகவே நுழையவேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

3. பட்டம் நோயாளிக்குப் பயன்தருமா?

நோயாளியைக் குளிப்பாட்டவும் காயத்துக்கு மருந்திடவும் பட்டம் எதற்கு என்ற வினா இன்றும் எழுப்பப்படுகின்றது. இதனை எள்ளி ஒதுக்குதல் முறையன்று. அன்பும் பொறுமையும் பட்டத்தால் வருவனவல்ல என்பது உண்மையே. ஆனால், இவ்வினா தாதியின் பணியைத் தவறாக விளங்கிக்கொண்டதன் விளைவாகும்.

சத்திரசிகிச்சை முடிந்து விடுதிக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். வைத்தியர் நாளுக்கு ஓரிரு முறை வந்து பார்க்கின்றார். எஞ்சிய நேரம் முழுவதும் நோயாளியைக் காண்பவர் தாதியே. நிமிடத்துக்கு 16 ஆக இருந்த சுவாசம் 24 ஆக உயர்கின்றது, நாடி விரைவுபடுகின்றது, சிறுநீர் குறைகின்றது, தெளிவாகப் பேசியவர் சற்றே குழம்பிப் பேசுகின்றார். இவற்றுள் ஒவ்வொன்றும் தனித்து நோக்குமிடத்துச் சிறிய செய்தி. நான்கையும் இணைத்து, குருதியில் நஞ்சூட்டம் ஏற்படுகின்றது என ஐயுறுவதற்கு உடற்றொழிலியலும் நோயியலும் தெரிந்திருக்கவேண்டும். அவ்வையத்தை நள்ளிரவில் வைத்தியரை அழைத்துத் துணிவுடன் கூறுவதற்குத் தன் அறிவில் நம்பிக்கையும் வேண்டும். சிக்கல் தோன்றிய பின்னரும் நோயாளியைக் காப்பாற்ற இயலுமா என்பது பெரும்பாலும் இக்கணத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றது.

இதற்குப் புள்ளிவிபரச் சான்றும் உண்டு. லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 வைத்தியசாலைகளைச் சார்ந்த 232,342 சத்திரசிகிச்சை நோயாளரின் தரவுகளை ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். பட்டதாரித் தாதியரின் பங்கு நூற்றுக்குப் பத்து உயர்ந்த இடங்களில், 30 நாட்களுள் நோயாளி இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்து காணப்பட்டது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 வைத்தியசாலைகளைச் சார்ந்த 422,730 நோயாளர் பற்றி 2014இல் வெளிவந்த ஆய்வில் இக்குறைவு 7 சதவீதமாக இருந்தது. ஒரு தாதி கவனிக்கவேண்டிய நோயாளர் தொகையில் ஒருவர் கூடும்போது இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்வதையும் அதே ஆய்வு காட்டிற்று.

இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகளேயன்றிப் பரிசோதனைகள் அல்ல. பட்டதாரிகளைக் கூடுதலாகச் சேர்க்கும் வைத்தியசாலை வேறு வகைகளிலும் சிறந்ததாக இருக்கலாம். ஆய்வாளர் அத்தகைய வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துள்ளனராயினும் ஐயம் முற்றாக நீங்கிவிடவில்லை. எனினும், இரு கண்டங்களின் முடிவுகள் ஒரே திசையைக் காட்டுகின்றமை புறக்கணிக்கத்தக்கதன்று. இரு எண்களையும் சேர்த்தே வாசிக்கவேண்டும் என்பதையும் நாம் வலியுறுத்துவோம். நாற்பது நோயாளருக்கு இருவரென நிறுத்தப்படும் பட்டதாரித் தாதியரின் கல்வி, அவ்விடுதியிற் பயன்படும் வாய்ப்பையே பெறுவதில்லை.

4. வாயில் குறுகுமிடம்

பட்டத்தைக் கட்டாயமாக்கினால் எவர் வெளியே நிறுத்தப்படுவர் என்பது இரண்டாவது வினா. 1965இல் அமெரிக்கத் தாதியர் சங்கம், உயர்தொழில் நிலைத் தாதியத்துக்குப் பட்டமே நுழைவுத் தகைமையாதல் வேண்டும் என அறிவித்தது. ஆனால், அதற்குமுன்பே, 1952 தொடக்கம், மில்ட்றெட் மொண்டாக்கின் திட்டப்படி சமூகக் கல்லூரிகளில் இரண்டாண்டுக் கற்கைநெறிகள் உருவாகியிருந்தன. குடும்பப் பொறுப்புள்ள பெண்களும் வறியோரும் சிறுபான்மை இனத்தவரும் தாதியத்தை அடைய அக்கல்லூரிகள் ஏணியாயின. அவ்வேணியை அகற்ற எவரும் எளிதில் உடன்படவில்லை. 1987இல் வட டக்கோட்டா மாநிலம் பட்டத்தைக் கட்டாயமாக்கியது. 2003இல் அவ்விதி கைவிடப்பட்டது. நியூயோர்க் மாநிலம் 2017இல் இயற்றிய சட்டம் வேறு வழியைக் கண்டது. குறுகிய கற்கைநெறியால் தொழிலில் நுழையலாம். பத்தாண்டுகளுக்குள் பட்டம் பெறவேண்டும். வாயிலை மூடாது, உள்ளே படிக்கட்டு அமைக்கும் முறை இது.

இங்கிலாந்தின் அனுபவம் பொருளாதாரத் தடையைக் காட்டுகின்றது. 2017இல் தாதி மாணவருக்கான அரச உதவிப்பணம் நீக்கப்பட்டுக் கடன்முறை புகுத்தப்பட்டபோது விண்ணப்பதாரர் தொகை வீழ்ந்தது. முதிர்ந்த வயதிற் கற்க வருவோர் பெரிதும் குறைந்தனர். 2020 தொடக்கம் ஆண்டுக்கு 5,000 பவுண் உதவித்தொகை மீண்டும் வழங்கப்படலாயிற்று. மாணவரை உழைப்பாளர் நிலையிலிருந்து விடுவித்த சீர்திருத்தம், பின்னர் அவரைக் கடனாளியாக்கியமை இவ்வரலாற்றின் முரண்பாடாகும்.

5. தென்னாசியாவும் இலங்கையும்

இந்தியாவில் தாதியப் பட்டக்கல்வி, சுதந்திரத்துக்கு முந்திய 1946ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அவ்வாண்டிற் புதுடில்லியில் தாதியர் கல்லூரி நிறுவப்பட்டது. தமிழ்நாட்டின் வேலூரில், ஐடா ஸ்கடரின் மருத்துவப் பணியினின்று 1909இல் தோன்றிய தாதியர் பள்ளி கல்லூரியாக உயர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டநெறியைத் தொடங்கியது. இன்று பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் ஆகியவற்றுடன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர் அந்நாட்டில் நான்காண்டுப் பட்டநெறியிற் சேரலாம். டிப்புளோமாத் தாதியர் இரண்டாண்டு மேற்கற்கையினாற் பட்டதாரியாகலாம். கழிவுகளையும் பிறர் உடலையும் தொடுதல் தீட்டு எனக் கருதிய சாதியச் சமூகத்தில், கேரளக் கிறித்தவப் பெண்களே நெடுங்காலம் இத்தொழிலின் பெரும்பங்கினராயிருந்தனர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இலங்கையிலோ பட்டக்கல்வி பிந்தியே வந்தது. 1939இற் கொழும்பில் தாதியர் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. பின்னர் சுகாதார அமைச்சின் கீழான பயிற்சிக் கல்லூரிகள் பல நகரங்களில் உருவாகின. மூன்றாண்டு டிப்புளோமாவே தாதியரின் தகைமையாக நிலைத்தது. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இலங்கைத் தாதியர் பேரவைக்கு வழிவகுத்தது. 1994இல் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அதபாஸ்காப் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன், பணியிலிருக்கும் தாதியருக்கான பட்டநெறியைத் தொடங்கியது. இந்நாட்டில் முதலில் திறந்தது ஏற்கெனவே விடுதியில் நின்றவருக்கான வாயிலே என்பது குறிப்பிடத்தக்க சிறப்பு. 2000ஆம் ஆண்டை அடுத்துவந்த பத்தாண்டிற் பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, றுகுணு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டுப் பட்டநெறிகள் தொடங்கின. பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தாதியத்துக்கெனத் தனிப்பீடமும் அமைந்தது.

ஆகவே, எமது நாட்டில் இன்று இரு வாயில்கள் உள. ஒன்று சுகாதார அமைச்சினது. அங்கு சேர்பவர் மாதாந்தக் கொடுப்பனவு பெற்றுப் பயின்று அரச சேவையில் அமர்கின்றார். மற்றது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினது, அங்கு க.பொ.த. உயர்தர விஞ்ஞானப் பெறுபேறுகளின் இசற்-புள்ளியே வாயிற்காவலன். இடங்களுள் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 சதவீதம் மாவட்டப்படியும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. வறிய குடும்பத்துப் பிள்ளை, பட்டத்தைக் காட்டிலும் கொடுப்பனவை நாடுதல் இயல்பே. மறுபுறம், மருத்துவபீடத்தைச் சில புள்ளிகளால் தவறவிட்டவர் வேறு வழியின்றித் தாதியத்தைத் தெரிவதும் உண்டு. விரும்பியவருக்குத் திறக்காது, விரும்பாதவரை உள்ளே தள்ளும் வாயிலாக அது மாறிவிடலாகாது.

மாவட்ட ஒதுக்கீடு ஒரு நீதியே. ஆயினும் உயர்தர விஞ்ஞான வகுப்பு இல்லாத பாடசாலையின் மாணவிக்கு அதனாற் பயனில்லை. மலையகத் தோட்டப்புறங்களில் உயிரியலும் இரசாயனவியலும் தமிழிற் கற்பிக்கும் உயர்தரப் பாடசாலைகள் அரிது. அம்மலைநாட்டு வைத்தியசாலைகளிலோ தமிழ் மட்டுமே பேசும் நோயாளர் பலர். பட்டநெறியின் நுழைவு பற்றிய வினா இங்கு விடுதிக் கட்டிலின் வினாவாகின்றது.

மொழியின் நிலையும் இதனோடு பிணைந்தது. பட்டநெறி ஆங்கிலத்திற் கற்பிக்கப்படுகின்றது. உலகின் ஆய்வுகளை வாசிக்க அம்மொழி வேண்டற்பாலதே. ஆனால், நோயாளி ஆங்கிலத்தில் நோவதில்லை. நோ, உளைவு, குத்து, எரிவு, கடுப்பு, விறைப்பு என அவர் வேறுபடுத்திக் கூறுபவை ஒவ்வொன்றும் நோயறிகுறியாகும். இவற்றையெல்லாம் ஒரே ஆங்கிலச் சொல்லாற் பதிவுசெய்யும் தாதி, கேட்டதில் ஒரு பகுதியை இழந்துவிடுகின்றார். மானிப்பாயில் வைத்தியர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, தமிழில் மருத்துவ நூல்களையும் வெளியிட்டார். அவ்வனுபவம் எம்மிடம் உண்டு. ஆங்கிலத்தைக் கைவிடாது, நோயாளியிடம் வினவும் முறையையும் உடல்நலக் கல்வியையும் தமிழிலும் சிங்களத்திலும் பயிற்றுதல், பட்டநெறியின் பாடத்திட்டத்துள் அடங்கவேண்டியதாகும்.

முடிவுரை

தாதியம் பல்கலைக்கழகத்தை அடைந்தமை ஒரு தொழிலின் மதிப்பு உயர்ந்த கதை மாத்திரமன்று. பெண்களின் கூலியற்ற உழைப்பின்மீது எழுப்பப்பட்ட ஓர் அமைப்பு கேள்விக்குள்ளான கதையுமாகும். பிறநாட்டு வரலாறு எமக்குக் கூறுவது இதுவே: பயிலும் தாதி ஆளணிக் கணக்கினின்று விடுவிக்கப்படாதவிடத்துப் பட்டம் வெறும் பெயராகும், டிப்புளோமாத் தாதிக்குப் படிக்கட்டு இல்லாதவிடத்து அது புதியதொரு வகுப்புப் பிரிவாகும். இலங்கையின் இரு வாயில்களும் ஒரே விடுதியையே நோக்குகின்றன. சுகாதார அமைச்சும் பல்கலைக்கழகங்களும் அவற்றைத் தனித்தனியே காவல்செய்வதை விடுத்து, டிப்புளோமாவிற் பெற்ற கல்வியைப் பட்டத்துக்குரிய கணக்கிற் சேர்த்துக்கொள்ளும் ஒழுங்கையும், பட்ட மாணவருக்குப் போதிய உதவிப்பணத்தையும் வகுத்தல் வேண்டும். மலையகத்தின் ஒரு பாடசாலையில் உயர்தர உயிரியல் வகுப்பு ஒன்று திறக்கப்படுமாயின், அதுவும் தாதியர் கல்விச் சீர்திருத்தமே என நாம் கொள்வோம்.